நானூற்றுப் பன்னிரண்டுக்கு மேல் பத்தொன்பது

அன்று கூடாரத்தில் இருந்தவர்கள் பதினொரு பேர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டுப் பதினைந்து என்றும் இருபது என்றும் எழுதிக்கொண்டு போகக் கூடாது. எங்கள் பனூ துமைல் குலத்தின் தலைவர் ஹுரைஸ், ஒன்று. அவருடைய மகன்கள் இரண்டு பேர், ஆக மூன்று. ஒட்டகம் ஓட்டுகிற மிர்தாஸ், நான்கு. தொழுகை நடத்தும் பெரியவர், ஒரு கண் தெரியாது, ஐந்து. என் வயதுக் கிழவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இருந்தாலும் ஆள் ஆள்தானே, எட்டு. பஸ்ராவிலிருந்து வந்த முஹாரிப், ஒன்பது. அவருக்கு வழிகாட்டி வந்தவன், பத்து. நான், பதினொன்று.

தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி திருகையில் வாற்கோதுமை திரித்துக்கொண்டிருந்தாள். அவளை நான் அன்று எண்ணவில்லை.

நீங்கள் எழுதுகிறீர்கள். வேண்டாம் தம்பி. அந்த நாணல் பேனாவைக் கீழே வையுங்கள். இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கூஃபாவிலிருந்து வருகிறேன் என்கிறீர்கள், இருக்கலாம். உங்கள் செருப்பு வாரைப் பார்த்தால் பஸ்ராத் தையல் மாதிரி இருக்கிறது. வாங்கியிருக்கலாம் என்கிறீர்கள். அதுவும் இருக்கலாம். நான் யாரையும் பொய்யர் என்று சொல்வதில்லை. எண்ணிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

என் பெயர் ஸிமாக். இங்கே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூழாங்கற்களின் தகப்பன் என்பார்கள். எனக்குப் பிள்ளை கிடையாது, ஆகவே அந்தப் பெயரில் ஒரு குத்தலும் உண்டு. நான் கோபித்துக்கொள்வதில்லை. கூழாங்கல் பை உண்மையாகவே என்னிடம் இருக்கிறது. இரண்டு இருக்கிறது. இதோ இது முதல் பை. இந்தச் சின்னது இரண்டாவது. அதைத் தொடாதீர்கள்.

பன்னிரண்டு வயதில் என்னைக் கவிஞர் நஹ்ஷலிடம் கொண்டுவந்து விட்டார்கள். அவர் பாடுவதை மனத்தில் ஏற்றி வைத்து, கேட்கிற இடத்தில் சொல்ல வேண்டும். ராவி என்பார்கள் அந்த வேலையை. உங்களுக்குத் தெரியாததா? ஆசான் ஒரு பாட்டு சொன்னால் நான் பைக்குள் ஒரு கல் போடுவேன். அவரே கற்றுக்கொடுத்த வழக்கம் அது. சந்தையில் சொல்லும்போது பாட்டுக்கு ஒரு கல்லாக வெளியே எடுத்து வைப்பேன். கடைசியில் பை காலியாக இருக்க வேண்டும். ஒரு கல் மிஞ்சினால் ஒரு பாட்டை விழுங்கிவிட்டேன் என்று பொருள். கல் தீர்ந்த பிறகும் வாய் ஓடினால் அது அதைவிட மோசம்.

நீங்கள் சின்ன வயது. எல்லாவற்றையும் தோலில் எழுதிவிடுகிறீர்கள். அந்தக் காலத்தில் ஒரு குலத்துக்குக் கவிஞர் இல்லை என்றால் அந்தக் குலத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எங்களுக்கு மேற்கே ஒரு குலம் இருந்தது, பெயர் வேண்டாம். விருந்தாளி வருவது தெரிந்தால் ஒட்டகத்தின் வாயைத் துணியால் கட்டுகிறார்கள், சத்தம் கேட்டு அவன் கூடாரத்தைக் கண்டுபிடித்துவிடுவானாம் என்று ஆசான் ஒரு பாட்டு பாடினார். ஒரே ஒரு பாட்டு. அவர்கள் மூன்று வருடம் சந்தைக்கு வரவில்லை. நான் எண்ணினேன், மூன்று. நான்காம் வருடம் வந்தபோதும் தலைப்பாகையை மூக்கு வரை இறக்கிக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு இஸ்லாம் வந்தது. ஆசான் மதீனாவுக்குப் போனார். ஒன்பது பேர் போனார்கள், ஒன்பது பேரும் திரும்பி வந்தார்கள். வந்ததும் என்னை உட்காரவைத்து, இதுவரை உள்ளதெல்லாம் சொல் என்றார். சொன்னேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் மது பற்றி ஐம்பத்தாறு. அதைக் கேட்கும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும், "இத்தோடு சரி. இனி இந்த வாய் தொழுகைக்கு" என்றார்.

அது கட்டளை இல்லை. மதீனாவில் மார்க்கத்துக்காகப் பாடிய கவிஞர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பாராட்டும் இருந்தது. கவிதையை யாரும் ஹராம், விலக்கப்பட்டது என்று அவரிடம் சொல்லவில்லை. அவராகவே நிறுத்தினார். வேதத்தைக் கேட்டபிறகு தன் பாட்டு தனக்கே பிடிக்கவில்லை என்று ஒரு தடவை சொன்னார். ஒரு தடவைதான்.

ஆக, கணக்கு முடிந்தது. நானூற்றுப் பன்னிரண்டு. இதற்கு மேல் நஹ்ஷல் பாட்டு என்று எவன் வாயைத் திறந்தாலும் அது பொய். இதைவிட எளிமையான கணக்கு உலகத்தில் இல்லை.

ஆசானுக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் மூத்தவள், உமாமா. மகன் ஸுவைத். ஆசான் நிறுத்தி ஆறு வருடம் கழித்து ஸுவைத் பாரசீகப் போருக்குப் போனான். எங்கோ ஒரு ஆற்றங்கரையில் விழுந்தான் என்று சொன்னார்கள். கரை எது, மண் போட்டது யார், ஒன்றும் தெரியாது. ஒட்டகம் மட்டும் வந்தது. அவனுக்கு வயது பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை.

எங்கள் ஆட்கள் ஆசானின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகன் செத்திருக்கிறான், இப்போதாவது பாடுவார் என்று. அவர் பாடவில்லை. "நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்புகிறோம்" என்று சொன்னதோடு சரி. எட்டு வருடம் கழித்து அவரும் போய்விட்டார். கடைசி மூன்று நாள் நான் பக்கத்திலேயே இருந்தேன். கண் மூடவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு பாட்டும் வரவில்லை. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி நான் சொல்லப்போவது அதற்கெல்லாம் வெகு காலம் பிறகு நடந்தது. பஸ்ராக்காரர் வந்த வருடம், இன்றைக்கு ஏழு வருடம் முன்பு.

ஒரு நாள் கிணற்றில் தண்ணீர் காட்டப் போயிருந்தேன். மிர்தாஸ் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டே பாடினான். அவனுக்கு நல்ல குரல், மூளை கொஞ்சம் குறைவு. பாட்டு இது:

*ஒட்டகம் தனியே வந்தது. அதன் கயிற்றில் நீ போட்ட முடிச்சு.*
*அவிழ்க்காமலே தண்ணீர் காட்டினேன். அவிழ்த்தால் உன் விரல் போய்விடும்.*

யார் பாட்டு என்று கேட்டேன். "என்ன பெரியவரே, உங்கள் ஆசான் நஹ்ஷல் பாட்டு உங்களுக்கே தெரியாதா? மகனுக்காகப் பாடினாராம்" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான்கு பேர்.

நஹ்ஷல் ஒட்டகத்தைப் பாடினால் ஓட்டத்தைப் பாடுவார். 'எங்கள் குதிரைகள் மூக்கை நீட்டினால் எதிரியின் கிணறு வற்றும்' என்று பாடிய மனிதர் அவர். கயிற்றையும் முடிச்சையும் குனிந்து பார்க்கிற ஆள் இல்லை. கயிறு அவிழ்ப்பது எங்களிடம் பெண்கள் வேலை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. என் சந்தேகம் வேறு பக்கம் போயிற்று. எவனோ ஒருவன் கள்ளச்சரக்கைச் செய்து என் ஆசானின் பெயரில் சந்தையில் விடுகிறான் என்று நினைத்தேன். ஒருவன்.

ஒரு கல் எடுத்தேன். முதல் பையில் போட முடியாது. புதிதாக ஒரு பை தைத்தேன்.

நாற்பது நாள் அலைந்தேன். உனக்கு யார் சொன்னது என்று மிர்தாஸைக் கேட்டேன். தாய்மாமன் என்றான். தாய்மாமனிடம் போனேன். அவன், ஒட்டக ரோமம் கத்தரிக்கிறவனிடம் கேட்டேன் என்றான். கத்தரிக்கிறவன் தன் மனைவியைக் காட்டினான். மனைவி மருத்துவச்சியைக் காட்டினாள். மருத்துவச்சி, பிரசவம் பார்க்கப் போன இடத்தில் தண்ணீர் சேந்துகிறவள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன் என்றாள். போகிற ஒவ்வொரு இடத்திலும் நான் கேட்காத பாட்டு மூன்றோ நான்கோ கிடைத்தது. பைக்குள் கல் சேர்ந்துகொண்டே வந்தது. நான்காவது ஆளிலிருந்து எல்லாரும் பெண்கள். எனக்குப் பெண்களிடம் பேசிப் பழக்கம் இல்லை. கூடார வாசலுக்கு வெளியே நின்று, வானத்தைப் பார்த்துக்கொண்டு, அம்மா, அந்தப் பாட்டு, அந்தப் பாட்டு என்று வாய் குழறி நிற்பேன். மருத்துவச்சி என்னைப் பார்த்து, யாருக்கு வலி எடுத்திருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்றாள்.

தண்ணீர் சேந்துகிறவள் ஆறாவது. அவள், "உமாமா அக்கா மாவு திரிக்கும்போது சொல்லுவார்கள்" என்றாள்.

பையை எண்ணினேன். பத்தொன்பது.

ஸுவைதின் வயதும் பத்தொன்பது. இதைக் கவனித்தேன். ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

உமாமா அப்போது அறுபது தாண்டியவள். பேரன் பேத்தி எடுத்தவள். சிறு வயதிலிருந்து அவளுக்கு நான் காக்கா, மூத்த அண்ணன் முறை. ஒரே கூடாரத்து உப்பைத் தின்று வளர்ந்தவர்கள். ஆனால் அவளோடு பேசும்போது நான் கூடாரக் கம்பத்தைப் பார்த்துத்தான் பேசுவேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது மொத்தம் மூன்று தடவை. இரண்டு, சின்ன வயதில். மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

போனேன். திருகை சுற்றிக்கொண்டிருந்தாள். கம்பத்தைப் பார்த்து, பத்தொன்பது பாட்டு வெளியே உலவுகிறது, உன்னிடமிருந்துதான் கிளம்பியிருக்கிறது, எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"கம்பத்துக்குக் காது இல்லை காக்கா" என்றாள்.

நான் மறுபடியும் கேட்டேன். "வாப்பா சொன்னது" என்றாள்.

எப்போது என்று கேட்டேன். கடைசி நாட்களில் என்றாள். கடைசி நாட்களில் நான் அல்லவா பக்கத்தில் இருந்தேன், மூன்று நாளும் கண் மூடாமல் இருந்தேன் என்றேன். அவள் திருகையை நிறுத்தினாள்.

"சரி, வாப்பா சொல்லவில்லை. நான் சொன்னது. என் தம்பிக்கு நான் சொன்னது."

இரண்டு பதில். இரண்டு பதில் சொல்கிறவர்களை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. ஒன்று பொய் என்றால் எது பொய்? முதலாவது பொய் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆசான் வெளியே வாயை மூடிக்கொண்டு, உள்ளே திருகைப் பக்கம் உட்கார்ந்து, மகளுக்கு மட்டும் பத்தொன்பது பாட்டு கொடுத்திருந்தால்? நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில்? நான் தொழுகைக்குப் போன நேரத்தில்? என்னை விட்டுவிட்டு? நான் கண்டுபிடித்ததும் அதை மறைக்கத் தன்னுடையது என்கிறாள். அப்படியும் இருக்கலாம் அல்லவா? இருபத்தாறு வருடம் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவன் நான். என் மனம் அங்கேதான் போயிற்று.

அவள் கெஞ்சுகிறவள் இல்லை. அன்று கேட்டாள். பஸ்ராவிலிருந்து ஒருவர் கிணறு கிணறாகப் பாட்டு எழுதிக்கொண்டு வருகிறார் என்ற செய்தி எங்களுக்கு வந்திருந்தது. வேதத்தில் வரும் அரிய சொற்களுக்குப் பழைய கவிஞர்களின் பாட்டில் சான்று தேடுகிறவர்கள் அவர்கள். பெயர் பெற்ற பழைய கவிஞர் சொன்னது என்றால் எழுதுவார்கள். நேற்றுப் பாடியவன் பாட்டு அவர்களுக்கு வேண்டாம்.

"வாப்பா பெயரில் போனால் தம்பி பெயரும் கூடவே போகும்" என்றாள் உமாமா. "அவனுக்கு மண்மேடு இல்லை. பிள்ளை இல்லை. நான் செத்தால் ஸுவைத் என்று கூப்பிட ஆள் இல்லை. என் பெயரில் சொன்னால் இந்தக் கிணற்றைத் தாண்டாது. நீங்கள் பொய் சொல்ல வேண்டாம் காக்கா. வாயைத் திறக்காமல் இருங்கள். வாழ்நாள் முழுக்க எண்ணினீர்கள், ஒரே ஒரு நாள் எண்ணாமல் இருங்கள்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று சொன்னதாக அவள் எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் சொல்லவில்லை.

ஸுவைத் என்ற பெயர் அந்தப் பத்தொன்பதில் ஒரே ஒரு பாட்டில்தான் வருகிறது. கடைசிப் பாட்டில். அக்காள் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். மற்றப் பதினெட்டையும் எந்தத் தம்பிக்கு வேண்டுமானாலும் பாடிவிடலாம். இதையும் நினைவில் வையுங்கள்.

முஹாரிப் வந்தார். நல்ல மனிதர், மெலிந்த மனிதர், இருமுவார். நான்கு நாள் உட்கார்ந்து எழுதினார். நாளைக்கு நூற்று மூன்று பாட்டு. நான்கு நூற்று மூன்று நானூற்றுப் பன்னிரண்டு. பாட்டுக்கு ஒரு கல் எடுத்து வைத்தேன். நான்காம் நாள் பிற்பகல், அஸர் தொழுகைக்குச் சற்று முன்பு பை காலி. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினேன். முஹாரிப் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை ஊர் சுற்றிவிட்டேன், கூட்டாமல் குறைக்காமல் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். என் வாழ்க்கையில் அதுபோல் ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஹுரைஸ் தொண்டையைக் கனைத்தார். இன்னும் பத்தொன்பது இருக்கிறது, போரில் ஷஹீதாகிப் போன மகனுக்காக எங்கள் நஹ்ஷல் பாடியது என்றார். மற்றக் குலங்களின் கவிஞர்கள் இஸ்லாத்தில் பாடியிருக்கிறார்கள், நம்மவர் வாயடைத்துப் போனார் என்று பிறர் பேசுவது அவருக்கு நெடுநாள் குறை. அதற்குள் பத்தொன்பதையும் பாடம் பண்ணி வைத்திருந்த மிர்தாஸுக்குக் கண் காட்டினார். அவன் எழுந்து பாடினான்.

அப்போது கூடாரத்தில் பதினொரு பேர். சொன்னேன் அல்லவா? தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார். ஒற்றைக் கண் பெரியவர் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார். ஒரு பாட்டு வரும்.

*உன் பிடி வாற்கோதுமையை இன்றும் திருகையில் போடுகிறேன்.*
*கை பழகிவிட்டது, நீ இல்லை என்று கைக்கு யார் சொல்வது?*

அந்தப் பாட்டின்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் திருகை ஓடிக்கொண்டிருந்தது. கூடாரத்தில் ஒருவருக்கும் அது காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

முஹாரிப் வேகமாக எழுதினார். பத்தொன்பதும் எழுதி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வைத்தார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியும், திரும்புவார் என்று. சரியான ஆள் அல்லவா அவர்.

"இந்தப் பத்தொன்பது உங்கள் எண்ணிக்கையில் உண்டா?" என்று கேட்டார்.

திருகை நின்றுவிட்டது.

ஹுரைஸ் என்னைப் பார்த்தார். மிர்தாஸ் என்னைப் பார்த்தான். காலிப் பை என் மடியில் கிடந்தது. கூட்டாமல் குறைக்காமல் சொன்னவர் என்று அந்த மனிதர் சொல்லி, பால் ஒரு குவளை குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

"இல்லை" என்றேன்.

"அப்படியானால் யாருடையது?"

"தெரியாது."

தம்பி, நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். அது பொய் இல்லை. அவள் இரண்டு பதில் சொன்னாள். எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றேன். உமாமா பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். செத்த சகோதரனுக்கு அக்காளும் தங்கையும் பாடுவது எங்களில் காலங்காலமாக உள்ள வழக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். கேட்டிருந்தால் எழுதியிருப்பாரோ என்னவோ. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல.

அதன் பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். நஹ்ஷலுக்கு மகள் உண்டா என்று கேட்டார்.

"உண்டு. மாவு திரிப்பாள்" என்றேன்.

கேட்டதற்குப் பதில். உண்டா என்றார், உண்டு என்றேன். உண்மையில் அவள் அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்? பொய் அம்பலப்பட்டதில் ஹுரைஸுக்கு முகம் கறுத்துப்போயிருந்தது.

முஹாரிப் இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். "ஆள் பெயர் இல்லாத பாட்டைக் கொண்டுபோனால் மற்ற நானூற்றுப் பன்னிரண்டையும் சந்தேகப்படுவார்கள். நல்ல பாட்டு, பாவம்" என்று சொல்லிக்கொண்டே தோலைச் சுரண்டினார். ஒவ்வொரு வரியாக. மை உலரவில்லை, ஆகவே சுலபமாக வந்தது. கடைசி வரியிலிருந்து மேல் நோக்கிச் சுரண்டினார். அதனால் ஸுவைத் பெயர்தான் முதலில் போயிற்று.

சுரண்டி முடிக்கும்வரை அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு திருகை மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

ஹுரைஸ் என்னோடு ஒரு வருடம் பேசவில்லை. "நீ எண்ணி எண்ணியே எங்கள் மானத்தை வாங்கினாய்" என்று போகும்போது சொன்னார். மிர்தாஸைப் பாடக் கூடாது என்று தடுத்துவிட்டார். பஸ்ராக்காரர் கத்தியால் சுரண்டிய பாட்டை எவன் பாடுவான்? இரண்டு வருடத்தில் கிணற்றில் அந்தப் பாட்டு கேட்பது நின்றது. மருத்துவச்சி செத்துப்போனாள். தண்ணீர் சேந்துகிறவளை வேறு குலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். உமாமா அன்றைக்குப் பிறகு திருகையில் வாயே திறக்கவில்லை என்று சொன்னார்கள். மாவு மட்டும் விழுந்தது.

நான்காவது பனிக்காலத்தில் அவள் படுத்துவிட்டாள். போய்ப் பார்த்தேன். பேத்தி விலகி உட்கார்ந்தாள். நான் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்தக் கல் இன்னும் இருக்கிறதா காக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது என்றேன்.

"பத்தொன்பதுமா?"

தினமும் காலையில் சரிபார்க்கிறேன் என்றேன். சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன், எவனும் இருபதாவது ஒன்றைச் சேர்த்துவிடக் கூடாதே, அதற்காகத்தான், பொய்ச் சரக்கு என்றாலும் கணக்கு கணக்குதானே என்றேன்.

அவள் சிரித்தாள். அது மூன்றாவது. எதற்குச் சிரித்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஐந்து நாள் கழித்து அடக்கம் செய்தோம். முப்பத்து நான்கு பேர் தொழுதோம். அதற்கடுத்த வருடம் இருமலில் முஹாரிப் போய்விட்டார் என்று ஒரு வணிகன் சொன்னான். இப்போது என் முதல் பையின் கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு மறதி வந்துவிட்டது. ஹுரைஸின் பெரிய மகன் உங்களிடம் சொல்லியிருப்பான், அவன் எல்லாரிடமும் சொல்கிறான். காலையில் முதல் பையை எடுத்துச் சொல்லிக்கொண்டு வருவேன். வாயில் வராத பாட்டுக்குரிய கல்லை வெளியே எறிந்துவிடுவேன். போன வருடம் இருநூறு இருந்தது. நேற்று முப்பத்து மூன்று. இன்று முப்பத்தொன்று. மது பாட்டு ஐம்பத்தாறும் முதலில் போயிற்று. ஆசானுக்கு அதில் வருத்தம் இருக்காது. போனால் போகட்டும், அது பஸ்ராவில் தோலில் இருக்கிறது. நீங்கள் நஹ்ஷலைத் தேடி வந்திருந்தால் அங்கே போங்கள், என் பெயரைச் சொல்லுங்கள், காட்டுவார்கள்.

இரண்டாவது பையில் ஒன்றும் போகவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ஆசான் வாயால் கேட்டது ஒழுகிப்போகிறது, திருட்டுத்தனமாக ஆறு வாயிலிருந்து பொறுக்கியது நிற்கிறது. எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.

வேண்டுமா? நான் இத்தனை நேரம் உங்களைக் கவனித்தேன். முடிச்சுப் பாட்டைச் சொன்னபோது உங்கள் கை பேனாவைத் தேடியது, பிறகு தானாகவே நின்றது. சரி. எழுத வேண்டாம், முதலில் வாயில் ஏற்றுங்கள். கையை நீட்டுங்கள். பாட்டுக்கு ஒரு கல்.

ஒட்டகம் தனியே வந்தது... சொல்லுங்கள். ம். இன்னொரு தடவை. இந்தாருங்கள், ஒன்று.

உன் பிடி வாற்கோதுமையை... 'என்றும்' இல்லை, 'இன்றும்'. இன்றும் என்று சொல்லுங்கள். ஒரு சொல் மாறினால் கல்லைத் திருப்பி வாங்கிக்கொள்வேன். ம். இரண்டு.

இப்படியே போகலாம். வெயில் சாய இன்னும் நேரம் இருக்கிறது.

...

பரவாயில்லை. கூஃபாக்காரராக இருந்தாலும் நல்ல காது. ஒன்பதாவதில் மட்டும் தடுமாறினீர்கள். நானும் அங்கே தடுமாறுவேன்.

யார் பாட்டு என்று எழுதுவது என்கிறீர்கள். நான் பெயர் சொல்லப் போவதில்லை. கேட்ட வரிசையைச் சொல்கிறேன். ஸிமாக் சொன்னான் என்று எழுதுங்கள். ஸிமாக்குக்கு மிர்தாஸ். மிர்தாஸுக்கு அவன் தாய்மாமன். தாய்மாமனுக்கு ரோமம் கத்தரிக்கிறவன். அவனுக்கு அவன் மனைவி. மனைவிக்கு மருத்துவச்சி. மருத்துவச்சிக்குத் தண்ணீர் சேந்துகிறவள். அவளுக்கு நஹ்ஷலின் மகள் உமாமா, மாவு திரிக்கும்போது. ஆறு பேர், உமாமா ஏழாவது. உமாமாவுக்கு யார் சொன்னது என்று அங்கே எவனாவது கேட்பான். நாற்பது நாள் தேடினேன், அதற்கு அப்பால் ஒருவரும் இல்லை, ஸிமாக் பார்த்துவிட்டான் என்று சொல்லுங்கள். ஆசானா? இல்லை. ஆசான் எனக்குக் கொடுக்காமல் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அதை நான் எங்கு வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

கையை விரியுங்கள். எண்ணுங்கள். பதினெட்டு. சரிதானே?

பத்தொன்பதாவதைத் தர மாட்டேன். ஸுவைத் பெயர் உள்ளது, ஆமாம், அதுதான். எனக்குக் காரணம் இருக்கிறது. கத்தி வைத்திருப்பவர்களை நான் பார்த்தாயிற்று. நீங்கள் கூஃபா போய்ச் சேரும்போது வழியில் எவனாவது நஹ்ஷல் என்று எழுது, எல்லாரும் வாங்குவார்கள் என்று சொல்வான். அடுத்த பனிக்காலத்தில் வாருங்கள். எந்தப் பெயரில் எழுதினீர்கள் என்று அங்கே விசாரிக்க எனக்கு ஓர் உப்பு வணிகன் இருக்கிறான். வரிசை சரியாக இருந்தால், அன்றே தருகிறேன்.

அதுவரை மறக்க மாட்டேன். தினமும் காலையில் சரிபார்க்கிறேன் அல்லவா? ஹுரைஸின் மகன் சொல்வதை நம்பாதீர்கள்.

பையைக் கவிழ்க்கிறேன், நீங்களே பாருங்கள். பத்தொன்பது இருந்தது, பதினெட்டு உங்களிடம். மிச்சம் ஒன்று.